அப்பீல் ஓடிட்டிருக்கு, வீட்டுச் செலவு நிக்கல – எடிசன் வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

நியூ ஜெர்சி எடிசன்லேர்ந்து ஒரு வாசகி நாலு பக்கம் எழுதியிருக்காங்க. ஆளை அடையாளம் காட்டற விவரத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன். வயசு 46, கிரீன் கார்டு, ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனில 13 வருஷம் க்யூஏ, அதாவது சாஃப்ட்வேரை சோதிக்கற வேலை. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், ரெண்டு கையையும் பிடிச்சிருச்சு, காலைல எழுந்தா ரெண்டு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, பத்து நிமிஷம் டைப் பண்ணினா மணிக்கட்டு வீங்கிடும். 2024 செப்டம்பர் நடுவுல வேலையை விட்டாச்சு. ஸ்டேட் டிஸெபிலிட்டி, அதான் நியூ ஜெர்சி டிடிஐ, 26 வாரம் வந்துட்டு நின்னுடுச்சு. நவம்பர்ல எஸ்எஸ்டிஐ, அதாவது உடம்பு முடியாம வேலை பாக்க முடியாதவங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டிங்கற மத்திய அரசு ஆபீஸ் மாசாமாசம் தர்ற பணத்துக்கு அப்ளை பண்ணி, 2025 ஜூன்ல மறுப்பு, ரீகன்சிடரேஷன் (மறுபரிசீலனை) கேட்டு அதுவும் இந்த பிப்ரவரி 10 தேதி போட்ட லெட்டர்ல மறுப்பு.

கணவர் கைக்கு மாசம் 5,300 டாலர் வருது. வீட்டு லோனும் ப்ராபர்ட்டி டேக்ஸும் சேர்ந்து 3,150, கோப்ரா (வேலை விட்ட பிறகும் பழைய கம்பெனி மருத்துவ ப்ளானை நாமே காசு கட்டி வச்சுக்கறது) இன்ஷூரன்ஸ் 1,950. மீதி இருநூறு டாலர்ல நாலு பேர், அதுல ரெண்டு பேர் ஸ்கூல் போற பசங்க. சேமிப்பு கரைஞ்சுபோய் கிரெடிட் கார்டு 14,000ல நிக்குது. இப்ப தெரிஞ்ச ஒருத்தர் அவர் கடைக்கு கணக்கு எழுதச் சொல்லி கூப்பிடறார், மணிக்கு 25 டாலர், வீட்லேர்ந்தே. வேணும்னா பணத்தை கணவர் பேர்ல போட்டுடலாம்னும் சொல்றார். "சார், நான் ஏமாத்தி வாங்கணும்னு நினைக்கறவ இல்ல, ஆனா புள்ளைங்களுக்கு சாப்பாடு போடணும், அப்பீலையும் விடக்கூடாது, நான் எந்தக் காசை தொடலாம் எதைத் தொடக்கூடாது?" இதான் கேள்வி. கூடவே தாம்பரத்துல இவங்க பேர்ல ஒரு ஃப்ளாட் இருக்கு, 18,000 ரூபாய் வாடகை வருது, அதை மறைக்கணுமா விக்கணுமான்னும் கேட்டிருக்காங்க.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேங்க. முதல்ல ஒண்ணு. ரீகன்சிடரேஷன்ல தோத்துட்டோம், இனிமே என்ன இருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த எண்ணத்தை இங்கயே விட்டுடுங்க. அந்தக் கட்டத்துல ஜெயிக்கறவங்க ஆறேழு பேர்ல ஒருத்தர்தான், ஏன்னா அங்க உங்க முகத்தைக் கூட யாரும் பாக்கறதில்ல, இன்னொரு ஆபீஸர் அதே ஃபைலை திரும்பப் புரட்டறார், அவ்ளோதான். அடுத்தது நீதிபதி முன்னாடி ஹியரிங். அங்கதான் முதல் தடவையா ஒரு மனுஷர் உங்க கையைப் பாத்து "ஒரு பட்டன் போட எவ்ளோ நேரம் ஆகுது"ன்னு கேப்பார். அங்க கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு கிடைக்குது. தமிழ்ல பேசினாத்தான் வலியை சரியா சொல்ல வரும்னா இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, அதுக்கு காசு கிடையாது.

அந்த ஹியரிங்கை கேக்க 60 நாள் டைம். லெட்டர் கைக்கு வர அஞ்சு நாள் ஆகும்னு அவங்களே கணக்குல சேத்துப்பாங்க, அப்போ உங்களுக்கு ஏப்ரல் 16. ஆனா கடைசி நாள் வரைக்கும் வச்சுக்காதீங்க. உங்க நாத்தனார் சொன்ன மாதிரி "விட்டுட்டு புதுசா அப்ளை பண்ணிக்கலாம்"ங்கறது ரொம்ப தப்பான யோசனை, இதை எத்தனை வீட்ல கேட்டிருக்கேன் தெரியுமா. புதுசா போட்டா பழைய மறுப்பு அப்படியே உறுதியாகி நிக்கும், அந்தக் காலத்துக்கு உண்டான பாக்கிப் பணம் போயிடும், அடுத்த ஆபீஸரும் பழைய முடிவைத்தான் எடுத்து வச்சுப்பார்.

தாம்பரம் வாடகையும் கணவர் சம்பளமும்

இங்க நீங்க வீணா பயந்துட்டிருக்கீங்க. எஸ்எஸ்டிஐ, எஸ்எஸ்ஐ ரெண்டும் ஒரே ஆபீஸ்ல வாங்கறதால ஒண்ணுன்னே நம்ம ஆளுங்க நினைச்சுக்கறாங்க. எஸ்எஸ்ஐ ஏழைகளுக்கான உதவி, தனி ஆளுன்னா 2,000 டாலர், தம்பதின்னா 3,000 டாலருக்கு மேல சொத்து இருக்கக்கூடாது, வீட்டுக்காரர் சம்பளம், பேங்க் பேலன்ஸ், எல்லாத்தையும் தோண்டுவாங்க. நீங்க கேட்டிருக்கறது அது இல்ல. எஸ்எஸ்டிஐ நீங்க 13 வருஷமா பே ஸ்லிப்புல ஃபைக்கான்னு சம்பள வரியா 6.2 சதவீதம் பிடிச்சுக் கொடுத்த இன்ஷூரன்ஸ். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல டோட்டலைசேஷன் ஒப்பந்தம் (ஒரு நாட்டுல கட்டினதை இன்னொரு நாட்டுலயும் கணக்குல எடுத்துக்கற ஏற்பாடு) இல்லாததால நம்ம காசு போகுதே போகுதேன்னு எல்லாரும் புலம்பிட்டே கட்டினோமே, அதே காசுதான். இவங்களுக்கு வேண்டியது ஒரே விவரம், உங்களால வேலை பாக்க முடியுதா முடியலையா.

அதனால கணவர் எவ்ளோ சம்பாதிச்சாலும் பிரச்சினை இல்ல. ஃப்ளாட் வாடகை, எஃப்டி வட்டி, அண்ணன் அனுப்பற பணம், அம்மா நகையை அடகு வச்சு அனுப்பினது, இது எதுவும் உங்க உழைப்பால வந்த வருமானம் இல்ல, எஸ்எஸ்டிஐ கணக்குல வராது. ஃப்ளாட்டை விக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆனா வரி விஷயம் தனி. இந்திய வாடகையை இங்க ஃபெடரல் ரிட்டர்ன்ல காட்டியே ஆகணும், இந்தியாவுல இருக்கற எல்லா அக்கவுண்ட்டும் சேர்ந்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினா எஃப்பார்ங்கற வெளிநாட்டு அக்கவுண்ட் அறிக்கையை ஃபைல் பண்ணணும். "இத்தனை வருஷமா காட்டல"ன்னு லெட்டர்ல அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கீங்க, அதை ஒரு சிபிஏ (வரிக் கணக்கு பாக்கற ஆடிட்டர்) கிட்ட போய் நேர் பண்ணிடுங்க. பின்னாடி சிட்டிசன்ஷிப் போடும்போது டிஸெபிலிட்டி உங்களைக் கடிக்காது, இதுதான் கடிக்கும்.

ஃப்ளாட்டை வித்தா கடன் அடையுமேன்னு யோசிக்கறது வேற கணக்கு, அது உங்க குடும்ப முடிவு. சோஷியல் செக்யூரிட்டிக்கு பயந்து மட்டும் விக்காதீங்க.

அந்தக் கணக்கு எழுதற வேலை

இதுதான் உங்க லெட்டரோட முக்கியமான விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

எஸ்ஜிஏன்னு ஒரு கோடு இருக்கு. 2026க்கு மாசம் 1,690 டாலர், போன வருஷம் 1,620. அதுக்கு மேல சம்பாதிச்சா, நோய் எவ்ளோ மோசமா இருந்தாலும், நீங்க டிஸெபிள்ட் இல்லன்னு முதல் படியிலேயே முடிச்சுடுவாங்க. வரி பிடிக்கறதுக்கு முன்னாடி தொகை அது. உங்க நண்பர் சொல்ற வாரத்துக்கு 20 மணி நேரம்னா 25 டாலர் ரேட்ல மாசம் 2,167 வரும், கோட்டைத் தாண்டியாச்சு. "அப்போ 15 மணி நேரம் வச்சுக்கலாம், 1,625தான் வருது, கோட்டுக்குக் கீழ"ன்னு நீங்களே கணக்கு போட்டிருக்கீங்க. க்யூஏ ஆளு இல்லையா, பவுண்டரி வேல்யூ பாத்துட்டீங்க. ஆனா அந்தக் கோடு ஒரு மேல் எல்லை மட்டும்தாங்க. கோட்டுக்குக் கீழ இருந்தா பாதுகாப்புன்னு எங்கயும் எழுதல.

நீதிபதி எப்படிப் பாப்பார்னு சொல்றேன். உங்க கேஸ் முழுக்க உங்க விரல் மேல நிக்குது. "கீபோர்டு அடிக்க முடியல"ங்கறதுதான் உங்க வாதம். வாரத்துக்கு 15 மணி நேரம் குவிக்புக்ஸ்ங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டீங்கன்னா, சம்பளம் நூறு டாலரா இருந்தாலும் அந்த வாதம் அங்கயே உடைஞ்சுடும். ஹியரிங்ல வொகேஷனல் எக்ஸ்பர்ட்னு, யாரால எந்த வேலை பாக்க முடியும்னு சொல்ற நிபுணர் ஒருத்தர் இருப்பார், நீதிபதி அவர்கிட்ட "ஒரு நாள்ல மூணுல ஒரு பங்கு நேரத்துக்கு மேல விரலை உபயோகிக்க முடியாத ஆளுக்கு உக்காந்து செய்யற வேலை ஏதாவது இருக்கா"ன்னு கேப்பார், பெரும்பாலும் ரொம்ப கம்மின்னு பதில் வரும், உங்க கேஸ் ஜெயிக்கற இடமே அதுதான். அந்தக் கேள்வியையே கேக்க விடாம பண்ணிடும் இந்த 15 மணி நேரம்.

(இந்த எக்ஸ்பர்ட்டுங்க பாக்கற வேலைகள் பட்டியல் கடைசியா 1991ல திருத்தினது. ரொம்ப காலம் "கொட்டைப் பருப்பு தரம் பிரிக்கற வேலை", "கவர்ல விலாசம் எழுதற வேலை" எல்லாம் இருக்குன்னு சொல்லி ஆளுங்களை மறுத்துட்டிருந்தாங்க, 2024லதான் அப்படிப்பட்ட வழக்கொழிஞ்ச வேலைகளை சும்மா சொல்லிட்டுப் போகக்கூடாதுன்னு கொஞ்சம் கட்டுப்பாடு வந்துச்சு.)

இன்னொண்ணு, உங்க நண்பர் 1099ல, அதாவது ஊழியரா இல்லாம வெளி ஆளா வச்சு பணம் தர்றதா சொல்றார். அப்போ நீங்க சொந்தத் தொழில் பண்றவங்க ஆயிடுவீங்க. சொந்தத் தொழில்னா கைக்கு வந்த காசை மட்டும் பாக்க மாட்டாங்க, எத்தனை மணி நேரம் போட்டீங்க, அதே வேலையை வெளி ஆளை வச்சு பண்ணினா என்ன மதிப்பு வரும்னும் பாப்பாங்க. ரேட்டைக் குறைச்சு வாங்கிக்கலாம்ங்கற யோசனை அதனால செல்லாது. வாட்ஸ்அப் க்ரூப்புல தோசை மாவு விக்கலாமான்னு கேட்டிருக்கீங்களே, அதுக்கும் இதே பதில்தான். காசு சின்னது, ஆனா "இந்த வாரம் 40 பாக்கெட் ரெடி, போர்ச்ல வந்து எடுத்துக்கோங்க"ன்னு நீங்களே போட்ட மெசேஜ் உங்களுக்கு எதிரா ஒரு சாட்சி. விரல் மடங்காதவங்க மாவு அள்ளி பாக்கெட் போடறாங்கன்னு யாராவது சொன்னா நீங்க என்ன பதில் வச்சிருக்கீங்க?

கணவர் பேர்ல பணத்தைப் போடற யோசனைக்கு வர்றேன். சொல்லிக் கொடுத்தவர் நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார். ஆனா வேலை பாக்கறது நீங்க, பேர் அவருது, வேலை பாக்கலன்னு நீங்க கையெழுத்து போட்டுக் கொடுக்கறீங்க, இதுக்குப் பேர் மோசடி. ஃபெடரல் சட்டத்துல அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை தண்டனை இருக்கு. கிரீன் கார்டுல இருக்கறவங்க மோசடி கேஸ்ல மாட்டினா எஸ்எஸ்டிஐ போறது கூட பெரிசு இல்ல, நாட்டுல இருக்கறதே கேள்வியாயிடும். கணவர் ஏற்கனவே ஃபுல் டைம் வேலை பாக்கும்போது ராத்திரில புக் கீப்பிங்கும் பண்றார்னு சொன்னா யார் நம்புவா. சோஷியல் செக்யூரிட்டிக்கு சந்தேக கேஸை விசாரிக்கன்னே தனி யூனிட்டுங்க இருக்கு, ஃபேஸ்புக் வரைக்கும் பாப்பாங்க. இந்த யோசனையை கையால கூட தொடாதீங்க.

சரி, அப்போ வேலையே பாக்கக்கூடாதான்னு கேப்பீங்க. சட்டம் அப்படி சொல்லல. நேர்மையா முயற்சி பண்ணிப் பாத்து, உடம்பு ஒத்துக்காம ஆறு மாசத்துக்குள்ள விட்டுட்டா, அதை தோல்வியடைஞ்ச முயற்சின்னு தள்ளி வச்சுடுவாங்க, எஸ்ஜிஏவுக்கு மேல சம்பாதிச்சிருந்தாலும் கூட. சில கேஸ்ல அது உதவியாவே இருந்திருக்கு, ஏன்னா "இவங்க சும்மா உக்காரல, முயற்சி பண்ணினாங்க, முடியல"ன்னு காகிதத்துல நிக்கும். ஆனா நோயாலதான் விட்டீங்கன்னு டாக்டர் நோட்ஸ், முதலாளி லெட்டர் இருக்கணும். அந்தக் கணக்கு எழுதற வேலையை நான் எடுக்க வேண்டாம்னே சொல்வேன். கைக்குக் கஷ்டம் தராத, வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல போகாத வேலை ஏதாவது, டபிள்யூ-2ல, அதாவது முறையான ஊழியரா, பே ஸ்லிப்போட கிடைச்சா அதை யோசிக்கலாம், எடுத்த அன்னைக்கே உங்க வக்கீலுக்கும் சோஷியல் செக்யூரிட்டிக்கும் சொல்லிடணும். ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளில ரெண்டு மணி நேரம் சம்பளம் இல்லாம பாடம் எடுக்கறதை நிறுத்த வேண்டாம், ஆனா யாராவது கேட்டா மறைக்காம சொல்லுங்க, திங்கக்கிழமை அதுக்கு விலையா எவ்ளோ நேரம் படுத்திருக்கீங்கங்கறதையும் சேத்து சொல்லுங்க.

ட்ரையல் வொர்க் பீரியட்னு ஒம்பது மாசம் எவ்ளோ வேணா சம்பாதிக்கலாமாமேன்னு யூட்யூப்ல பாத்ததா எழுதியிருக்கீங்க. அது நிஜம், ஆனா பெனிஃபிட் கிடைச்சவங்களுக்கு. முடிவு வர்றதுக்கு முன்னாடி அதை நம்பி இறங்கினா காலை வாரிடும்.

அன்எம்ப்ளாய்மென்ட்

வேலை போனவங்களுக்கு ஸ்டேட் தர்ற இந்த உதவித்தொகை பத்தி சுருக்கமா சொல்றேன். அதுக்கு வாராவாரம் "நான் வேலை பாக்கத் தயார், உடம்பு முடியும்"னு உறுதி கொடுக்கணும். அதே வாரத்துல இன்னொரு ஆபீஸ்ல "என்னால எந்த வேலையும் முடியாது"ன்னு நிக்கறீங்க. வாங்கினாலே எஸ்எஸ்டிஐ போயிடும்னு சட்டம் இல்ல, ஆனா நீதிபதி அதைக் கையில எடுத்து "இதுல எது உண்மை"ன்னு கேக்கறதை நான் நேர்லயே பாத்திருக்கேன். நீங்க வேலை விட்டு ஒண்ணரை வருஷம் ஆனதால அது உங்களுக்குக் கிடைக்கறதே கஷ்டம். விட்டுடுங்க.

இந்த மாசமே மிச்சம் பிடிக்கக்கூடியது

உங்க பட்ஜெட்டைப் பாத்தா ஓட்டை இருக்கற இடம் கோப்ரா. அது 18 மாசம்தான், உங்களுக்கு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, அப்போ இந்த மார்ச் 31ல தானாவே முடியுது, நீங்க அதை கவனிக்கலன்னு நினைக்கறேன். (29 மாசம் வரைக்கும் நீட்டிக்க வழி உண்டு, ஆனா அதுக்கு 18 மாசம் முடியறதுக்குள்ள டிஸெபிள்ட்னு முடிவு கையில இருக்கணும், நமக்கு வராது.) கோப்ரா முழுசா முடிஞ்சா கணவர் கம்பெனி ப்ளான்ல நடு வருஷத்துலயே சேர உரிமை இருக்கு, முடிஞ்ச 30 நாளுக்குள்ள கேக்கணும். அந்த ப்ளான் குடும்பத்துக்கு 780 டாலர்னு எழுதியிருக்கீங்க. அதுலயே மாசம் 1,170 டாலர் மிச்சம். அதுல டிடக்டபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகம்னுதான் நீங்க இத்தனை நாள் கோப்ராவைப் பிடிச்சிட்டிருந்தீங்க, புரியுது, ஆனா அந்த 15 மணி நேர வேலைல வரி போக கைக்கு வர்றதுல பெரும் பகுதி இந்த ஒரு மாத்தத்துலயே வந்துடுது பாருங்க, விரலை அசைக்காம.

ஒரே ஒரு ஜாக்கிரதை. உங்க பயாலஜிக் ஊசிக்கு புது இன்ஷூரன்ஸ்ல திரும்பவும் ப்ரையர் ஆத்தரைசேஷன் (முன் அனுமதி) வாங்கணும். மார்ச் 31க்கு முன்னாடி இருக்கற ரீஃபில்லை வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோங்க, டாக்டர் ஆபீஸ்ல புது கார்டு விவரத்தை ஏப்ரல் முதல் நாளே கொடுங்க. மருந்து கம்பெனிக்கே கோபே (நம்ம பங்குக்குக் கட்டற காசு) உதவித் திட்டம் இருக்கும், நர்ஸ் கிட்ட கேட்டா ஃபார்ம் தருவாங்க. செலவுக்கு பயந்து டாக்டரைப் பாக்கறதை மட்டும் நிறுத்திடாதீங்க. ஆறு மாசம் ட்ரீட்மென்ட் இல்லன்னா "அவ்ளோ வலி இருந்தா போயிருப்பாங்களே"ன்னு எழுதிடுவாங்க, காசு இல்லாமத்தான் போகலங்கறதை அப்புறம் நாம நிரூபிக்கணும்.

பசங்களை தனியா நியூ ஜெர்சி ஃபேமிலிகேர்ங்கற அரசு மருத்துவ இன்ஷூரன்ஸ்ல சேக்க முடியுமான்னும் பாருங்க. குழந்தைங்களுக்கு வருமான வரம்பு ஏழ்மைக் கோட்டுல 355 சதவீதம் வரைக்கும் போகுது, நடுத்தரக் குடும்பங்கள் கூட வரும், நம்ம ஆளுங்கதான் "அது ஏழைங்களுக்கு"ன்னு விண்ணப்பிக்கவே மாட்டாங்க. கரண்ட், கேஸ் பில்லுக்கு லைஹீப், யுஎஸ்எஃப்னு ரெண்டு உதவி இருக்கு, ஒரே விண்ணப்பம், 211க்கு போன் பண்ணினா சொல்லுவாங்க, கிடைக்குமா இல்லையாங்கறது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது.

வீட்டு லோன் இன்னும் தவறல, நல்லது. தவறப் போகுதுன்னு தெரிஞ்ச மாசமே, தவறறதுக்கு முன்னாடி, லோன் கம்பெனிக்கு போன் பண்ணி ஃபோர்பேரன்ஸ் (கொஞ்ச நாள் தவணையை நிறுத்தி வைக்கறது), மாடிஃபிகேஷன் (லோன் விதிமுறையை மாத்தறது) என்ன இருக்குன்னு கேளுங்க. நம்ம வீடுகள்ல வெக்கப்பட்டு போனை எடுக்காம விட்டுடறாங்க, அதுலதான் வீடு போகுது. பொதுவா 120 நாளைக்கு மேல பாக்கி ஆனாத்தான் அவங்க ஃபோர்க்ளோஷர் (வீட்டை எடுத்துக்கற) கேஸே போட முடியும், நியூ ஜெர்சில அது கோர்ட் வழியாத்தான் போகணும், அதனால ஒரு தவணை தவறின உடனே தெருவுல நிக்க மாட்டீங்க. அப்படி நோட்டீஸ் ஏதாவது வந்தா கிழிச்சுப் போடாதீங்க. ஃபோர்க்ளோஷர் நோட்டீஸ், கரண்ட் கட் நோட்டீஸ், மருந்து வாங்க முடியலங்கற ஆதாரம், இதை வச்சு ஹியரிங் ஆபீஸுக்கு டயர் நீட் லெட்டர் (ரொம்ப நெருக்கடின்னு சொல்ற கடிதம்) எழுதினா வரிசையில முன்னாடி கொண்டு வர வாய்ப்பு உண்டு. இப்ப இருக்கற நிலைமையில, கணவர் சம்பளமும், 401கேங்கற ஓய்வுக்கால சேமிப்பும் இருக்கும்போது, அது எடுபடாது, அதனால இப்பவே எழுதி வீணாக்காதீங்க.

401கே பணம்

62,000 இருக்கு, 30,000 எடுத்து கார்டு கடனை அடைச்சுட்டு மீதில ஓட்டலாம்னு கணவர் சொல்றார். எடுத்தா எஸ்எஸ்டிஐக்கு ஒண்ணும் ஆகாது. 59½ வயசுக்கு முன்னாடி எடுத்தா 10 சதவீதம் அபராதம், டிஸெபிலிட்டிக்கு அதுல விலக்கு உண்டு, ஆனா எந்த வேலையும் பாக்க முடியாது, இது நீண்ட காலம் போகும்னு டாக்டர் சொல்ற அளவுக்கு இருக்கணும், சிபிஏ கிட்ட காட்டிட்டு செய்யுங்க. அபராதம் இல்லன்னாலும் வருமான வரி உண்டு. என் அபிப்ராயம், கார்டு கடனுக்காக இதைத் தொட வேண்டாம். கார்டுக்காரங்க 401கேயை சுலபமா தொட முடியாது, நீங்களே எடுத்து அவங்க கைல ஏன் கொடுக்கணும்? கார்டு கம்பெனிக்கு போன் பண்ணி ஹார்ட்ஷிப் ப்ளான் கேளுங்க, வட்டியைக் குறைப்பாங்க. வீட்டுத் தவணைக்கு வேற வழியே இல்லங்கற மாசத்துக்கு மாசம், வேண்டிய அளவு மட்டும் எடுங்க.

ஊருக்குப் போய் தாம்பரத்துல ஒரு வருஷம் பசங்களோட இருந்தா செலவு கம்மிதானேன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க. கம்மிதான். ஆனா ஆறு மாசத்துக்கு மேல போனா சிட்டிசன்ஷிப்புக்கு வேண்டிய தொடர்ச்சி உடையலாம், ஒரு வருஷம்னா கிரீன் கார்டே சிக்கல், இங்க சோஷியல் செக்யூரிட்டி டாக்டர்கிட்ட பரிசோதனைக்கு கூப்பிட்டு நீங்க போகலன்னா அதை வச்சே மறுத்துடுவாங்க. லீவுல ஒரு மாசம் போயிட்டு வாங்க, அம்மா கையால சாப்பிட்டுட்டு வாங்க.

ஜெயிச்சா என்ன வரும்

இது ஏன் சொல்றேன்னா, எதுக்காக இத்தனை பொறுமைன்னு தெரிஞ்சாத்தான் அந்த 15 மணி நேர வேலைக்கு வேண்டாம்னு சொல்ல மனசு வரும். நோய் ஆரம்பிச்சு அஞ்சு முழு மாசம் காத்திருப்பு, அதுக்கு எதுவும் கிடையாது. செப்டம்பர் நடுவுல வேலை விட்டீங்க, அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் அஞ்சு மாசம், அப்போ 2025 மார்ச்லேர்ந்து உங்களுக்குப் பணம் உண்டு. உங்க மாசத் தொகை எவ்ளோன்னு மை சோஷியல் செக்யூரிட்டி அக்கவுண்ட்ல பாருங்க. உதாரணத்துக்கு 2,500னு வச்சுப்போம். 18 வயசுக்கு கீழ இருக்கற பசங்களுக்கும் தனியா பணம் உண்டு, குடும்பத்துக்கு மொத்தமா உங்க தொகைல ஒண்ணரை மடங்கு வரைக்கும் போகலாம், அப்போ மாசம் 3,750 வரைக்கும். இது பல பேருக்குத் தெரியறதே இல்ல. 2027 மார்ச்ல முடிவு வந்தா 24 மாச பாக்கி சேர்ந்திருக்கும். மெடிகேர்ங்கற மத்திய அரசு மருத்துவ இன்ஷூரன்ஸுக்கும் பணத்துக்கு உரிமை வந்த தேதிலேர்ந்து 24 மாசம் எண்ணறாங்க, அப்பீல்ல போன காலமும் அதுல சேரும், உங்களுக்கு 2027 மார்ச்.

வக்கீலுக்கு முன்பணம் எதுவும் கிடையாது. ஜெயிச்சா பாக்கிப் பணத்துல 25 சதவீதம், அதுவும் ஒரு உச்ச வரம்புக்கு மேல போகாது (2024 கடைசில அதை 9,200 டாலர் ஆக்கினாங்க), சோஷியல் செக்யூரிட்டியே பிடிச்சுக் கொடுத்துடும். முன்னாடியே 2,000 கொடுங்கன்னு கேக்கறவர் கிட்ட போகாதீங்க. மொத்தமா வந்தா வரி பயம் வேண்டாம், பழைய வருஷங்களுக்குப் பிரிச்சுக் கணக்கு போட வழி இருக்கு. ஆனா இந்தப் பணத்தை நம்பி இப்பவே யார்கிட்டயும் தேதி சொல்லி கடன் வாங்காதீங்க, நீதிபதி நோய் ஆரம்பிச்ச தேதியைத் தள்ளி வச்சார்னா பாக்கி பாதியா குறையலாம், மறுக்கவும் செய்யலாம். அண்ணன் கிட்ட வாங்கினா கூட எவ்ளோ, எப்போன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி மனஸ்தாபம் வராது.

இந்த வாரம் மூணு வேலை பண்ணுங்க. ஹியரிங் கேட்டு ஆன்லைன்ல ஃபைல் பண்ணுங்க, ரெண்டு கை பத்தின விண்ணப்பம்ங்கறதால தட்டறதுக்குக் கணவரை உக்கார வைங்க. கணவர் கம்பெனி எச்ஆருக்கு கோப்ரா முடியற தேதியைச் சொல்லி மெயில் போடச் சொல்லுங்க. ருமட்டாலஜிஸ்ட் கிட்ட அடுத்த விசிட்ல "ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் விரலை உபயோகிக்க முடியும், மாசத்துல எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாம படுத்துடுவேன்"ங்கறதை நம்பரா எழுதித் தரச் சொல்லுங்க, "நோயாளி வேலை செய்ய இயலாதவர்"னு ஒத்தை வரியில எழுதித் தந்தா அது எதுக்கும் ஆகாது. ஃபைல் பண்ணின உடனே வர்ற கன்ஃபர்மேஷன் பக்கத்தை ப்ரிண்ட் எடுத்து அந்த பிப்ரவரி 10 லெட்டரோட பின் பண்ணி வச்சுக்கோங்க, பின்னாடி "எங்களுக்கு வரவே இல்ல"ன்னு சொன்னா அதுதான் கைல இருக்கும்.